பத்தாவது பெயர்

ஒன்பது பேர்தான் தேறினார்கள். மையத்துக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரவு எட்டு மணி. எங்கள் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு, என் மடியில் பதிவேடு, அதில் பத்தாவது வரி மட்டும் காலி. பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகத் திரியை ஏற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். ‘கற்போர்’ என்று போட்டிருந்த கட்டத்தில் அவள் பெயரை எழுதிவிட்டேன்.

அவள் என்னோடு ஏழாம் வகுப்புவரை என் பெஞ்சுக்கு ஒரு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து படித்தவள். எட்டாவதில் பாதியில் நின்றுபோனாள். பொட்டுக்கடலை மடித்து வந்த தினத்தந்தித் துண்டைக்கூட முழுக்க வாசித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவாள். அவளைப் போய் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பட்டியலில் சேர்த்தேன்.

“சும்மா கணக்குக்குத்தான்டி” என்றேன்.

“எழுதிக்க. எனக்கென்ன கொறஞ்சு போச்சு” என்றாள்.

1991ஆம் வருஷம். நார்த்தாமலைப் பக்கம் ஒரு சிற்றூர். நான் கீரனூருக்குப் பஸ்ஸில் போய் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988லேயே தொடங்கியிருந்தாலும், 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்ட பிறகுதான் மற்ற ஊர்களுக்கு ரோஷம் வந்தது என்று நினைக்கிறேன். அடுத்த வருஷம் கேரளம் முழுவதுமே அப்படி அறிவித்துக்கொண்டது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அது அறிவொளி இயக்கம் என்ற பெயரில் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊர் ஊராக வந்தார். அறிவியல் இயக்கத்துக்காரர்கள் வந்தார்கள். வீதி நாடகக்காரர்கள் மாரியம்மன் கோயில் பொட்டலில் பறையடித்துக் கூட்டம் சேர்த்து, கைநாட்டு வைத்து ஏமாந்தவன் கதையை நடித்தார்கள். நாடகத்தைப் பார்த்து எங்கள் ஊர் சிரித்தது. மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் வழக்கம்போல மசியைத் தொட்டுப் பெருவிரலை உருட்டியது.

பள்ளிக்கூடத்தில் நான் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தேன். அதில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதுவரை நாங்கள் செய்த சேவை, மைதானத்தில் பார்த்தீனியம் பிடுங்கியதும், மரத்துக்கு இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு அடித்ததும்தான். அந்த மரங்கள் எங்களிடம் சுண்ணாம்பு கேட்டதாக நினைவில்லை. ஒருநாள் பிரேயர் முடிந்ததும் எங்கள் டீச்சர், “சொந்த ஊர்ல அறிவொளி மையம் நடத்துறவங்க கை தூக்குங்க” என்றார். யோசிக்காமல் தூக்கினேன். மூன்றாம் வகுப்பிலிருந்து நான் கிளாஸ் லீடர். கேட்டால் கை தூக்குவது பழக்கமாகிப்போயிருந்தது.

கிளாஸ் லீடர் என்றால் என்ன வேலை என்று இன்றைக்குள்ள பிள்ளைகளுக்கும் சொல்லத் தேவையிருக்காது. வாத்தியார் இல்லாத நேரத்தில் கரும்பலகையின் இடது ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட வேண்டும். கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. குறி ஒன்றுக்கு ஒரு அடி. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். லீடர் ஆனதே அதனால்தான். ஏழாம் வகுப்பில் அந்தப் பட்டியலில் விடாமல் இடம்பிடித்தவள் அவள். ஒரு நாள் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து பெருக்கல் குறி போட்டேன். அன்றைக்கு அவள் பேசிக்கொண்டிருந்தது பக்கத்துப் பெண்ணுக்குப் பின்னக் கழித்தலை விளக்கத்தான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அது காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. விளக்கினாலும் பேச்சு பேச்சுதானே என்று போட்டேன்.

இந்தத் தகுதியோடுதான் நான் மையம் நடத்தத் தொடங்கினேன்.

வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் குவாரியில் கல்லுடைக்கிறவர்கள், மூன்று பேர் களையெடுப்புக்குப் போகிறவர்கள். எல்லாரும் எனக்கு முறைவைத்துத் தெரிந்தவர்கள்: இரண்டு அத்தை, மூன்று சின்னம்மா, ஒரு அப்பாயி, மீதி அக்காமார். பகல் முழுக்க வெயிலில் சம்மட்டி தூக்கிவிட்டு, வந்து குளித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். நான் ஒரு சின்னக் கரும்பலகையைச் சுவரில் சாய்த்து, எங்கள் டீச்சர் மாதிரியே முந்தானையை, இல்லை, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

“எல்லாரும் இங்க கவனிங்க.”

“ஏ ஆத்தா, வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கியே, கால் நோவல? உக்காரு” என்றது அப்பாயி.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் வீட்டு ஆடு யார் கொல்லையில் மேய்ந்தது, மேஸ்திரி யாரிடம் என்ன சொன்னான். என் கை தன்னால் கரும்பலகையின் இடது ஓரத்துக்குப் போனதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போக வேண்டும். அ, ஆ என்று தொடங்காமல், தெரிந்த சொல்லைக் காட்டி அதிலிருந்து எழுத்தைப் பிரிக்கிற முறை. நல்ல முறை. பயிற்சியில் எனக்கும் புரிந்தது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்தது புத்தகத்தின் முறையில் இல்லை, எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முறையில். எழுதிப்போட்டு, மூன்று தடவை சொல்லச்சொல்லி, பத்துத் தடவை எழுதச்சொன்னேன். சிலேட்டுக் குச்சி அவர்கள் கையில் பட்டுப் பட்டென்று ஒடிந்தது. சம்மட்டி பிடித்த கைக்குக் குச்சியின் கனம் பிடிபடவில்லை. “ஐயய்யோ, ஒடச்சுப்புட்டனே” என்று ஒரு சின்னம்மா, கண்ணாடி வளையலை உடைத்த மாதிரிப் பதறியது. ஒடிந்த துண்டை முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள் இரண்டு பேர். பதிவேட்டில் பத்துப் பேருக்கும் வருகை போட்டேன்.

ஆறாம் நாள் பத்தாவது பெயர்க்காரி ஒரு முறம் நிறையக் கல்லுத்தூசியோடு வந்தாள். குவாரியில் உடைக்கிற இடத்தில் மாவு மாதிரி படிந்து கிடக்குமே, அது. வீடு வீடாகப் போய் ஆளைக் கூட்டி வந்தவளும் அவள்தான். திண்ணையில் விளக்குக்கு அடியில் தூசியைப் பரப்பிக் கையால் தட்டி மட்டமாக்கினாள். என்னைப் பார்த்து, “நீ கொஞ்சம் வெளக்கப் பிடி. நெழலு விழுவுது” என்றாள்.

விளக்கைப் பிடித்தேன்.

“இங்க பாருங்க அத்தை. செவுரும் தரையும் சேருற மூலை இருக்குல்ல?” ஆட்காட்டி விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. “அதான் ட. இந்தப் பக்கமும் ஒரு செவுரு எழுப்பு. ரெண்டு செவுரு, கீழ தரை, மேல கூரை கெடையாது. கூரை போடாத வீடு. அதான் ப.”

“எங்க வீடுதான்” என்றது ஒரு அக்கா.

“ஆமா, ஒங்க வீடுதான். எழுதுங்க.”

குச்சி ஒடிகிற பேச்சே இல்லை. விரல் எப்படி ஒடியும்? கோலம் போடத் தெரியாத பெண் அந்தத் திண்ணையில் ஒருத்திகூட இல்லை. தரையைப் பார்த்துக் குனிந்து, கையைத் தூக்காமல் கோடிழுக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ட, ப, ம மூன்றும் அன்றைக்கே வந்துவிட்டன. படம், மடம், இன்னொரு ட போட்டுப் புள்ளி வைத்தால் பட்டம். பிறகு ஒரு காலைப் போட்டுப் ‘பட்டா’ என்று எழுதிக் காட்டினாள். களையெடுக்கிற அத்தை அதை எழுத்துக்கூட்டி வாசித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு புறங்கையால் தூசியைத் தட்டி அழித்துவிட்டு, “இல்லாததை எதுக்கு எழுதிக்கிட்டு. வேற சொல்லு” என்றது.

நான் அன்று முழுக்க விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நான் பத்தாவதில் 412 மார்க்கு. பயிற்சிக்குப் போனது நான், பதிவேட்டில் தொண்டர் என்று கையெழுத்துப் போடுவது நான். எட்டாவது முடிக்காதவள் என் மையத்தில் வாத்திச்சி ஆகிவிட்டாள்.

கோபம் ஒரு வாரத்தில் தணிந்ததற்குக் காரணம் என் பெருந்தன்மை இல்லை. ஆள் வந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கூட்டம் குறையாமல் வந்தால் பதிவேட்டில் பொய் எழுத வேண்டியதில்லை.

கணக்கு மட்டும் நான்தான் நடத்துவேன் என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். அதிலும் அடி விழுந்தது. மூத்த அத்தை ஒன்று தன் வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு ஜல்லிக் கணக்கு வைத்திருந்தது. நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. நான் பலகையில் கூட்டல் போட்டு, மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய் விடை எழுதுவதற்கு முன்னால் அத்தை வாயால் சொல்லிவிடும். பிறகு நான் என்ன சொல்லித்தருவது? ரொம்ப நாள் கழித்து அவள்தான் சொன்னாள்: “அத்தைக்குக் கணக்குத் தெரியும்டி. மேஸ்திரி நோட்டுல என்ன எழுதுறான்னுதான் தெரியாது. அவன் போடுற 7ஐயும் 1ஐயும் காட்டு, போதும்.” பழைய நோட்டு ஒன்றைக் குவாரியிலிருந்து அவளே கொண்டுவந்தாள். அந்த நோட்டை வைத்து நடந்த பாடம்தான் எங்கள் மையத்தின் மிக நல்ல பாடம். ‘வந்தது’, ‘பிடித்தம்’, ‘முன்பணம்’ என்ற மூன்று சொல்லையும் ஒன்பது பேரும் ஒரே இரவில் படித்தார்கள். புத்தகத்தில் அந்தப் பாடம் கிடையாது. பின்னால் மாவட்டத்தில் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அந்த அத்தையும் ஒரு குழுவில் இருந்தது.

இதற்கெல்லாம் பல வருஷத்துக்குப் பிறகு, வேறு எதற்கோ நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியாரின் கதையை வாசித்தேன். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அனாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்தவர். குதிரையில் போகும் வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தன் பள்ளிக்கு வந்து உதவி வாத்தியாரிடம் இப்படிச் செய்யுங்கள் என்கிறார். வாத்தியார், நடக்காது என்று கைவிரிக்கிறார். பெல் அந்த வகுப்பைத் தூக்கி ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனிடம் கொடுக்கிறார். சாதாரணச் சிப்பாயின் மகன். வயது எட்டு. நடந்துவிட்டது. பெல் ஊருக்குத் திரும்பி 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். மாணவனுக்கு மாணவனே வாத்தியார் என்ற அந்த ஏற்பாட்டுக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஒரு பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது.

அதை வாசித்தபோது எனக்குக் கல்லுத்தூசியின் வாசனை வந்தது. சந்தோஷம் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த முறை இங்கிலாந்தில் அவ்வளவு வேகமாகப் பரவியதற்குப் பெரிய காரணம் அதன் மலிவு. ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்துவிடலாம். எங்களுக்கும் சம்பளம் கிடையாது. தொண்டு என்றால் அப்படித்தான் என்றார்கள், நாங்களும் கேட்கவில்லை. எனக்காவது 240 மணி நேரத்தில் கழிந்தது. அவளுக்கு எதில் கழிந்தது?

இன்னொன்றும் தோன்றியது. திண்ணைப் பள்ளியில் இப்படிச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இன்று ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்றால் யாராவது பாடம் சொல்லிக்கொடுப்பதையா நினைக்கிறோம்? பேசியவர்கள் பட்டியல் எழுதியே அந்தச் சொல்லைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

பெல்லைப் பற்றி எதுவும் தெரியாத அந்த ப்ளஸ் டூ வருஷத்திலேயே பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் செய்து பார்த்தேன். ஆறாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலையை என்.எஸ்.எஸ். பெண்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை நாங்கள் நடத்தாமல், போன வருஷம்வரை தட்டுத் தடுமாறி இப்போதுதான் வாசிக்கப் பழகியிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்து ஆளுக்கு ஒருவராக உட்கார வைத்தேன். டீச்சர், “குருடனுக்குக் குருடன் வழிகாட்டுற கதையால்ல இருக்கு” என்றார். ஒரு ஏழாம் வகுப்புப் பையன், ‘ழ’வில் மாட்டிக்கொண்டவனிடம், “நாக்க மடக்கி மேல முட்டாம நிறுத்து. எனக்கும் மொதல்ல வரல” என்றான். அந்த ‘எனக்கும் வரல’வை நானோ டீச்சரோ சொல்லியிருக்க முடியாது. எங்களுக்கு எப்போது வராமலிருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. எல்லா ஜோடியும் இப்படி அமையவில்லை. இரண்டு பேர் கோலிக்குண்டில் சண்டை போட்டு மண்டை உடைத்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி தனக்குக் கிடைத்த சின்னவளுக்குத் தினமும் குட்டு வைத்தாள். அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்கப் போய், கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்ததால் பேசாமல் திரும்பிவிட்டேன்.

சைக்கிளையும் சொல்லிவிட வேண்டும். அறிவொளி என்றால் எங்கள் மாவட்டத்தில் எழுத்தைவிட சைக்கிள்தான் பலருக்கு நினைவு. மையத்துக்கு மையம் போக, கூட்டத்துக்குப் போகப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ளத் தொடங்கி, அதுவே ஒரு இயக்கமாகிவிட்டது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். 1992 மார்ச் 8 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்தபடி புதுக்கோட்டைக்குள் நுழைந்ததைப் பத்திரிகையாளர் சாய்நாத் பின்னாளில் எழுதினார். எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். வாடகை சைக்கிள், கண்மாய்க் கரை. அவள் எப்போதோ குரங்குப் பெடல் போட்டுத் தனியாகப் பழகியிருந்தாள். நான் கேரியரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடிக்க மாட்டாள். “விழு. விழுந்தாத்தான் பயம் போகும்” என்று பக்கத்தில் ஓடிவருவாள். ஆறு தடவை விழுந்தேன். முழங்காலில் தழும்பு இருக்கிறது. மார்ச் 8 ஊர்வலத்துக்கு அவள் போனாள். நான் முழுப் பரீட்சை இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிட்டேன். பரீட்சை இருந்தது உண்மைதான். டவுன் ரோட்டில் பஸ்ஸுக்கு எதிரே ஓட்டப் பயமாக இருந்தது அதைவிட உண்மை.

மூன்று புத்தகமும் முடிந்து தேர்வு வைத்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னார்கள். அப்பாயி தன் பெயரை எழுதி, ‘யி’க்கு மேல் சுழித்த சுழியை ஊர்ச் சந்தைவரை இழுத்துவிட்டது. பட்டியலில் பெயர் இருந்ததால் பத்தாவது ஆளும் உட்கார வேண்டியிருந்தது. வந்தவர் ஒரு வரியைக் காட்டினார். அவள் அந்தப் பக்கத்தையே மூச்சுவிடாமல் வாசித்தாள். அவர் அசந்துபோய் என்னைப் பார்த்து, “நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்கம்மா” என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. வாய் வரை வந்தது, சொல்லவில்லை. சொன்னால் பதிவேடு பொய்யாகிவிடும், மையம் கெட்ட பெயர் எடுக்கும் என்று அந்த நொடியில் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். புதிதாக எழுத்தறிவு பெற்றவர் என்று அவளுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. தொண்டர் என்று எனக்கு ஒன்று வந்தது. என்னுடையதை வைத்து நான் காலேஜ் அப்ளிகேஷனில் ஒரு கட்டத்தை நிரப்பினேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு நார்த்தாமலைப் பூச்சொரிதலுக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறாள். பேரன் எடுத்துவிட்டாள். கோயிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தோம். ரொம்ப நாளாகத் தொண்டையில் நின்ற இரண்டையும் சொல்லிவிட்டேன். முதலில் ஐந்து பெருக்கல் குறி. அந்த அடியால்தான் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாளோ என்று எனக்கு ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “அதுக்கா நின்னேன்? ஏண்டி, எங்க ஆத்தா சீக்குல விழுந்துச்சு, ஆடு பத்த ஆளில்ல, நின்னேன். நீ எழுதுனதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. பெரிய கலெக்டரு இவ.”

இரண்டாவதையும் சொன்னேன். அந்தச் சான்றிதழ். அதில் இருந்த பொய்.

“அதுவா,” என்றாள். மோர் டம்ளரைக் கவிழ்த்து உதறினாள். “அது வந்தன்னைக்கு, என்ன எழுதியிருக்குன்னு எங்க ஆத்தாவுக்கு நான்தானே படிச்சுக் காட்டுனேன்.”